மோர்க் கடைக்கு எந்தக் குளிர் மெஷின்?

வாடிப்பட்டி பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: 'மூன்று குடும்பம் சேர்ந்து மதுரையில் மோர், நன்னாரி சர்பத் கடை போடுகிறோம். குழாயைத் திறந்தால் ஜில்லென்று வர வேண்டும். ஒரு கறவை மாட்டை விற்றுத்தான் மெஷின் வாங்க முடியும். எதை வாங்கலாம்?'

மாட்டை விற்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள், அம்மா. உச்சிவெயிலில் 2 மணி நேரத்தில் எத்தனை டம்ளர் ஓடும்? 200 மில்லியில் 300 டம்ளர் என்றால் 60 லிட்டர். 35 டிகிரியில் இருக்கும் இதை 5 டிகிரிக்கு இறக்க சுமார் 23 கிலோ ஐஸ் உருக வேண்டும். வீணாவதையும் சேர்த்தால் 30 கிலோ.

இதை அந்த 2 மணி நேரத்திலேயே செய்ய வேண்டுமானால் பெரிய கம்ப்ரசர் தேவை. விலையும் கரண்ட் பில்லும் ஏறும். 'ஐஸ் பேங்க்' வகை மெஷின், இரவு முழுக்க நிதானமாகத் தொட்டித் தண்ணீரில் ஐஸ் கட்ட வைக்கும். மறுநாள் அந்த ஐஸ் தண்ணீருக்குள் சுருண்டிருக்கும் எவர்சில்வர் குழாய் வழியே மோர் வரும்போது குளிரும். சிறிய கம்ப்ரசர் போதும். சிறிது நேரம் கரண்ட் போனாலும் வியாபாரம் நிற்காது.

முதல் கோடைக்கு மெஷினே வேண்டாம் என்பது என் யோசனை. தடித்த ஐஸ் பெட்டி, உள்ளே எவர்சில்வர் சுருள் குழாய், தினமும் வாங்கும் ஐஸ் கட்டி. இதில் விற்பனை எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஐஸ் செலவை எழுதி வையுங்கள். அது மெஷினின் மாதத் தவணையைத் தாண்டினால் வாங்கலாம்.

வாங்கும்போது கவனிக்க:

* தண்ணீர் கூலரில் 40/80 என்றால் பொதுவாக மணிக்கு 40 லிட்டர் குளிரும், 80 லிட்டர் தேங்கும். முதல் எண்தான் முக்கியம். கூலர் தொட்டியில் மோர் ஊற்றாதீர்கள். சரியாகக் கழுவ முடியாது.
* 43 டிகிரி வெயிலிலும் ஓடும் என எழுத்தில் கேளுங்கள். சூடான காற்று வெளியேற மெஷினின் பின்னால் இடம் விடுங்கள்.
* மோர் புளிப்பு. செம்பு, பித்தளைக் குழாய் ஆகாது.
* கிளைக்கால் சில்லர், குழாய் பல அடி தூரம் ஓடும் பெரிய கடைகளுக்கே. வண்டி ரேடியேட்டர் கூலன்ட்டை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், அது விஷம்.
* மோரை வீட்டிலேயே குளிரவைத்துக் கொண்டுவந்து, கேனையும் ஐஸில் வையுங்கள். இரவில் குழாயை வெந்நீரால் கழுவுங்கள். இல்லாவிட்டால் எந்த மெஷினாலும் புளிப்பதைத் தடுக்க முடியாது.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டுக் கடையைத் திறங்கள். மாடு கொட்டிலிலேயே நிற்கட்டும். மோருக்குப் பால் அதுதானே தருகிறது!