ஓயாமல் இயங்கும் கணினியும் மின்கட்டணமும்
குடும்பத்தின் புகைப்படங்களையும் கோப்புகளையும் வீட்டிலேயே சேமித்து, கேட்கும்போதெல்லாம் எடுத்துத்தரும் கணினியே வீட்டுச் சர்வர் எனப்படும். அது இரவுபகலாக இயங்குவதால், வாங்கும் விலையைவிட, வேலையின்றிக் காத்திருக்கையில் அது இழுக்கும் மின்சாரமே முதலில் கவனிக்கத்தக்கது: 60 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 526 யூனிட் செலவாக, 10 வாட்டில் அடங்கும் சிறு கணினிக்கு 88 யூனிட்டே போதும். அலுவலகங்கள் கழித்துவிட்ட லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்ற புத்தக அளவுக் கணினிகளே குறைந்த செலவில் கிடைக்கும் மிகச் சிறந்த தேர்வு. இன்டெல் என்100 சில்லு பொருத்திய புதியவையும் ஏற்றவையே. ஆயினும் அச்சில்லுக்குக் குறிக்கப்படும் 6 வாட் என்பது செயலிக்கு மட்டுமான அளவு. நினைவகமும் வட்டும் அடாப்டரில் வெப்பமாக வீணாவதும் அதில் சேரா. சுழலும் 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் ஒன்றே பல வாட்களை விழுங்குவதால், அன்றாடப் பயன்பாட்டை எஸ்எஸ்டியில் வைத்து, காப்புப் பிரதி எடுக்கும்போது மட்டும் அதைச் சுழலவிடுவது நலம்.