நடுக் காட்டில் செல்போன் பேசுமா?

2006-ம் ஆண்டு நவம்பர் 25-ந்தேதி. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து மலைக் காடு. இரவு நேரம். பனி கொட்டிக் கொண்டு இருந்தது. வழி தவறிய ஒரு கார், மரம் வெட்டுகிறவர்கள் போட்ட பாதையில் போய்ச் சிக்கிக் கொண்டது.

காருக்குள் 4 பேர். ஜேம்ஸ் கிம் என்பவர், அவருடைய மனைவி, 4 வயதுப் பெண், 7 மாதக் கைக்குழந்தை. சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் குடும்பம். விடுமுறைக்காகப் புறப்பட்டவர்களுக்கு இந்தக் கதி.

கையில் செல்போன் இருந்தது. ஆனால் பேச முடியவில்லை.

நாட்கள் போயின. இருந்த தின்பண்டங்கள் தீர்ந்தன. தாய் தன் 2 குழந்தைகளுக்கும் தாய்ப்பால் கொடுத்துக் காப்பாற்றினார். கார் டயர்களைக் கழற்றிக் கொளுத்தினார்கள். ஒரு வாரம் ஆயிற்று. யாரும் வரவில்லை. டிசம்பர் 2-ந்தேதி கிம் உதவி தேடி நடந்தே புறப்பட்டார்.

அவர்களைத் தேடியவர்களுக்கோ, எந்த மலையில் தேடுவது என்றே தெரியவில்லை. அப்போது ஒரு செல்போன் கம்பெனியின் என்ஜினீயர்கள் 2 பேர் தங்கள் கம்பெனியின் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு துப்புக் கிடைத்தது!

நவம்பர் 26-ந்தேதி அதிகாலையில் அந்தக் குடும்பத்தின் செல்போனுக்கு 2 குறுஞ்செய்திகள் போய்ச் சேர்ந்து இருந்தன. கண நேரம்தான் தொடர்பு. பிறகு அறுந்து விட்டது. ஆனாலும் எந்தக் கோபுரம், அதற்கு எந்தத் திசை என்பது தெரிந்தது. அந்தப் பக்கம் தேடினார்கள்.

டிசம்பர் 4-ந்தேதி ஹெலிகாப்டரில் பறந்த ஒருவர் தாயையும் குழந்தைகளையும் கண்டார். 3 பேரும் பிழைத்தார்கள். கிம்மின் உடல் 6-ந்தேதி கிடைத்தது. குளிரில் இறந்து கிடந்தார்.

அந்தக் காட்டில் சிக்னல் அடியோடு இல்லாமல் இல்லை. முணுமுணுப்புப் போல இருந்தது. அந்த முணுமுணுப்புதான் தேடியவர்களுக்கு வழி காட்டியது.

அப்படிப்பட்ட முணுமுணுப்பைப் பெரிதாக்கிக் கொடுக்க ஒரு கருவி உண்டு. அதற்கு "பூஸ்டர்" என்று பெயர். அமெரிக்காவில், வீட்டையே முதுகில் சுமந்து செல்லும் வண்டிக்காரர்கள் பலர் இதை வாங்கி மாட்டுகிறார்கள்.

முதுகில் ஒரு வீடு

வீட்டைச் சுமக்கும் வண்டியா? ஆம்! "பிக்கப் டிரக்" என்பது பின்னால் திறந்த தொட்டி உள்ள சிறிய லாரி. அந்தத் தொட்டியின் மேல் ஒரு குட்டி வீட்டைத் தூக்கி வைத்து விடுகிறார்கள். அதற்கு "டிரக் கேம்பர்" என்று பெயர். உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு. நத்தை தன் ஓட்டோடு ஊர்வது போல இவர்கள் வீட்டோடு ஊர் சுற்றுகிறார்கள்.

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற கணவன் மனைவியர் இப்படிப் போகிறார்கள். கம்ப்யூட்டர் வேலையை வண்டியில் இருந்தபடியே பார்க்கிறவர்களும் போகிறார்கள். எல்லோருக்கும் செல்போன் வேண்டும். ஆனால் அவர்கள் விரும்பிப் போகும் இடங்களோ பாலைவனமும் மலையும் காடும்!

நெவாடா மாநிலத்தில் 50-ம் எண் நெடுஞ்சாலை இருக்கிறது. 1986-ம் ஆண்டு "லைஃப்" பத்திரிகை, "அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான சாலை" என்று இதற்குப் பட்டம் சூட்டியது. இந்தச் சாலையில் பாலன் என்ற ஊரை விட்டால், அடுத்த ஊரான ஆஸ்டினுக்குச் சுமார் 175 கிலோ மீட்டர் போக வேண்டும். இப்படிப்பட்ட வழியில் வண்டி பழுதாகி நின்றால் யாரைக் கூப்பிடுவது?

எப்படி வேலை செய்கிறது?

பூஸ்டரில் 3 பாகங்கள். கூரை மேல் ஒரு ஆன்டெனா. வண்டிக்குள் ஒரு பெட்டி. செல்போன் பக்கத்தில் ஒரு சிறிய ஆன்டெனா. கூரை ஆன்டெனா சிக்னலைப் பிடிக்கிறது. பெட்டி அதைப் பெரிதாக்குகிறது. சிறிய ஆன்டெனா அதைச் செல்போனுக்குக் கொடுக்கிறது. பெட்டிக்கு வண்டியின் 12 வோல்ட் பேட்டரியே போதும்.

நாம் பேசுவதும் இதே வழியாகத் திரும்பிப் போகிறது. இதுதான் முக்கியம். கோபுரம் பலமாகப் பேசும். கையளவு செல்போனால் அவ்வளவு உரக்கப் பேச முடியாது. பூஸ்டர் அதற்கும் குரல் கொடுக்கிறது.

எவ்வளவு பெரிதாக்கும்? எல்லாக் கம்பெனிகளின் சிக்னலையும் பெருக்கும் வண்டி பூஸ்டருக்கு, அமெரிக்க அரசு வைத்துள்ள உச்ச வரம்பு 50 டெசிபல். அதாவது 1 லட்சம் மடங்கு! கேட்டு மலைக்க வேண்டாம். கோபுரத்தில் இருந்து புறப்பட்ட சக்தியில், தொலைவில் உள்ள காட்டுக்கு வந்து சேருவது கோடியில் ஒரு பங்கு கூட இராது.

மைக் ஊளையிடுவது ஏன்?

கல்யாண வீட்டில் மைக்கை ஒலிபெருக்கியின் அருகே கொண்டு போனால் என்ன ஆகும்? "கீ...ய்ய்" என்று ஊளையிடும். ஒலிபெருக்கியின் சத்தமே மறுபடியும் மைக்குக்குள் போவதுதான் காரணம்.

பூஸ்டருக்கும் இதே வியாதி உண்டு. உள்ளே இருக்கும் ஆன்டெனா கொடுத்ததை, கூரையில் இருக்கும் ஆன்டெனா மறுபடியும் பிடித்தால் கோளாறுதான். அப்போது பெட்டி தானாகவே தன் பலத்தைக் குறைத்துக் கொள்ளும். அல்லது நின்று விடும்.

பெரிய வீட்டில் இரண்டையும் தள்ளித் தள்ளி வைக்கலாம். டிரக் கேம்பரோ குட்டி வீடு! அதனால் கூரை ஆன்டெனாவை ஒரு கம்பத்தில் உயர்த்திக் கட்டுகிறார்கள். உள் ஆன்டெனாவை எதிர்க்கோடியில் வைக்கிறார்கள். இடையில் உலோகத் தகடு இருந்தால் இன்னும் நல்லது. செல்போனை உள் ஆன்டெனாவுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தால் பலன் அதிகம்.

இல்லாததைப் பெருக்க முடியாது

பலர் ஏமாறுவது இங்கேதான். பூஸ்டர் சிக்னலைப் பெருக்கும், உண்டாக்காது. 1 லட்சத்தைச் சைபரால் பெருக்கினால் சைபர்தானே!

அனுபவசாலிகள் செல்போனில் தெரியும் கோடுகளை நம்புவது இல்லை. அமைப்புப் பகுதிக்குள் போனால் சிக்னல் பலம் எண்ணாகவே தெரியும். அதன் முன்னால் கழித்தல் குறி இருக்கும். 80 என்றால் நல்ல சிக்னல். 110 என்றால் மெலிவு. இங்கேதான் பூஸ்டர் கை கொடுக்கும். 120-ஐத் தாண்டினால் பூஸ்டரை நம்பிப் பயன் இல்லை.

அந்த நேரத்தில் வண்டியை மேட்டுக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். மலை மறைப்பு விலகினாலே சிக்னல் கிடைப்பது உண்டு. பேச்சு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். சிக்னல் தேடித் தேடியே செல்போன் பேட்டரி தீரும் என்பதால், தேவை இல்லாதபோது அணைத்து வைப்பது நல்லது.

கோபுரமே எட்டாத இடத்துக்குச் செயற்கைக் கோள் இருக்கிறது. 2022-ம் ஆண்டு முதல் சில செல்போன்களில் இருந்து நேரே செயற்கைக் கோளுக்கு அவசரச் செய்தி அனுப்ப முடிகிறது. அதற்கு மரமும் மலையும் மறைக்காத திறந்த வெளியில் நிற்க வேண்டும்.

சட்டம் உண்டு

கோளாறான ஒரு பூஸ்டர், சுற்று வட்டாரத்துச் செல்போன்களை எல்லாம் கெடுத்து விடும். அதனால் அமெரிக்க அரசு 2013-ம் ஆண்டு புதிய விதிகளைக் கொண்டு வந்தது. வாங்குகிறவர் தம் செல்போன் கம்பெனியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும்.

இன்னும் ஒரு எச்சரிக்கையும் பூஸ்டர் மீதே அச்சிடப்பட்டு இருக்கும். பூஸ்டர் வழியாக 911 என்ற அவசர எண்ணைக் கூப்பிட்டால், கூப்பிடுகிறவர் இருக்கும் இடம் தவறாகக் காட்டப்படலாம். ஆகவே சாலையின் எண்ணையும், ஓரத்தில் நட்டு இருக்கும் மைல் குறியையும் வாயால் சொல்லி விட வேண்டும்.

நம் நாட்டிலோ விதி இன்னும் கடுமை. தொலைத் தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் பூஸ்டர் வைப்பது குற்றம். கடையில் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டி விடாதீர்கள்!

ஒரு துண்டுச் சீட்டு

வண்டி வழியில் நின்று விட்டால் வண்டியை விட்டுப் போகாதீர்கள் என்று, தேடி மீட்கும் வேலையில் இருப்பவர்கள் சொல்லுகிறார்கள். காட்டில் நடக்கும் மனிதனைக் காண்பதை விட, நிற்கும் வண்டியைக் காண்பது எளிது. ஓரிகன் காட்டில் தாயும் குழந்தைகளும் கண்ணில் பட்டது கார் நின்ற இடத்துக்கு அருகில்தான்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எந்தச் சாலையில் போகிறோம், எங்கே தங்குகிறோம், எந்தத் தேதியில் திரும்புகிறோம் என்று ஒரு சீட்டில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். "இந்தத் தேதிக்குள் தகவல் வராவிட்டால் போலீசுக்குச் சொல்லுங்கள்" என்றும் எழுத வேண்டும்.

பூஸ்டருக்குப் பல நூறு டாலர் செலவு ஆகும். இந்தச் சீட்டுக்குக் காசு வேண்டாம். சிக்னலும் வேண்டாம்.