பழைய எசமானரின் ஊக்கம்

ஒருவர் தாம் பார்த்துவரும் தொழிலை விட்டு வேறோர் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் செய்ய எண்ணும்போது, அவரைச் சூழப் பல குரல்கள் எழுகின்றன. உறவினரின் புகழ்ச்சி அன்பினால் வருவது. நண்பர்களோ அவர் வேலை செய்வதை அருகிருந்து கண்டவர்கள் அல்லர். அவரிடம் ஆண்டுக்கணக்காக வேலை வாங்கிய பழைய எசமானர், "உமக்கு இதனினும் மேலான வேலைக்கு ஆற்றல் உண்டு, முயன்று பாரும்" என்று சொல்வாராயின், அச்சொல்லின் நிறையே வேறு. அவர் அம்மனிதரின் திறமையையும் கண்டவர், சோர்வையும் கண்டவர். இத்தகைய ஊக்கம் எவ்வாறு பயன் தருகின்றது என்பதை மைக்கேல் பரடே என்னும் விஞ்ஞானியின் இளமை வரலாறு நன்கு விளக்குகின்றது.

பரடே 1791ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். எழுத்தும் எண்ணும் ஓரளவு கற்றதோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. 1804ஆம் ஆண்டில், இலண்டனிலே புத்தகம் விற்றும் கட்டியும் வந்த ஜோர்ஜ் ரீபோ என்பவரின் கடையில் ஏவல் வேலைகள் செய்யும் பையனாகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் ரீபோ அவரை ஏழு ஆண்டுக்காலத் தொழிற் பயிலுநராக ஏற்றுக்கொண்டார். அதற்கு அக்காலத்தில் வழக்கமாகப் பெறப்பட்ட கட்டணத்தையும் அவர் வாங்கவில்லை.

கட்டுவதற்கு வந்த நூல்களைப் பையன் படித்தான். எசமானர் தடுக்கவில்லை. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூலும் இவ்வாறே அவர் கைக்கு வந்தன. 1810ஆம் ஆண்டு முதல் டேற்றம் என்பவர் மாலை வேளைகளில் நிகழ்த்திய விஞ்ஞான விரிவுரைகளைக் கேட்கவும் ரீபோ இசைவு தந்தார். நுழைவுக் கட்டணமான ஒரு சிலிங்கைத் தமையனார் கொடுத்துதவினார். கேட்டவற்றைப் பரடே படங்களோடு எழுதித் தொகுத்துத் தம் கையாலேயே கட்டிவைத்தார்; அத்தொகுப்பை ரீபோவுக்கே நன்றியுடன் உரிமையாக்கினார்.

அந்தக் குறிப்புகளை ரீபோ தம் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடவில்லை. கடையின் வாடிக்கையாளரான டான்ஸ் என்பவரின் குடும்பத்தாருக்கு அவற்றைக் காட்டினார். அதன் பயனாக, 1812ஆம் ஆண்டில் ரோயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய நான்கு விரிவுரைகளைக் கேட்பதற்கு டான்ஸ் நுழைவுச் சீட்டுகளை வழங்கினார். ஒரு பயிலுநன் நல்லவன், கெட்டிக்காரன் என்று வாயாற் சொல்வது எளிது. அவன் செய்த வேலையையே தகுந்தவர் கண்முன் வைப்பதுதான் எசமானர் செய்யத்தக்க உதவி. ரீபோ அதனைச் செய்தார்.

1812ஆம் ஆண்டு ஒக்டோபரில் பயிற்சிக்காலம் முடிவுற்றது. பரடே வேறொரு புத்தகக் கட்டுநரிடம் வேலைக்குச் சேர்ந்தார். தந்தையார் 1810ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டமையால் குடும்பத்தின் சுமையும் இருந்தது. புதிய எசமானர் முற்கோபி. எனினும் பிள்ளைகள் இல்லாத அவர், பரடே தம்முடன் தங்கினால் தமக்குப்பின் தொழிலையே அவருக்கு விட்டுச்செல்வதாகச் சொன்னார் என்பர். கற்ற தொழிலும் உறுதியான வாழ்வும் ஒரு பக்கம். விஞ்ஞானத்தில் கொண்ட ஆசை மறு பக்கம். இளைஞர் இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது.

முன்னரே அவர் ரோயல் சங்கத்தின் தலைவரான சேர் ஜோசப் பாங்ஸ் அவர்களுக்கு வேலை வேண்டி ஒரு கடிதம் எழுதி, மறுமொழி பெறாது மனந்தளர்ந்திருந்தார். இம்முறை டான்ஸ் அவரை ஊக்கி, டேவிக்கு எழுதுமாறு தூண்டினார். பரடே வெறும் விண்ணப்பத்தை மட்டும் அனுப்பவில்லை. டேவியின் விரிவுரைகளைத் தாம் கேட்டெழுதிக் கட்டிய, 300 பக்கங்களுக்கு மேற்பட்ட தொகுதியையும் உடன் அனுப்பினார். முதற் கடிதத்தில் ஆசை இருந்தது. இரண்டாவதில் ஆசையுடன் வேலையும் இருந்தது. டிசம்பர் 24ஆம் திகதியே டேவி மறுமொழி எழுதினார்.

எனினும் கதவு உடனே திறந்துவிடவில்லை. 1813ஆம் ஆண்டு சனவரியில் பரடேயைச் சந்தித்த டேவி, விஞ்ஞானத்தில் வருவாய் குறைவு என்று எச்சரித்து, கைத்தொழிலை விடவேண்டாம் என்றே அறிவுரை கூறினார். சில வாரங்களில் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் சச்சரவு காரணமாக விலக்கப்பட்டார். வெற்றிடம் ஏற்பட்டதும் டேவிக்கு நினைவு வந்தவர் அந்தப் புத்தகக் கட்டுநரே. மார்ச் முதலாம் திகதி நியமனம் உறுதியாயிற்று. சம்பளம் வாரத்துக்கு 25 சிலிங். தங்குவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். மின்னோடிக்கு முன்னோடியான சுழற்சியை 1821இலும், மின்பிறப்பாக்கிக்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831இலும் பரடே கண்டறிந்தது அதே நிலையத்திலேதான். டேவியோடு ஐரோப்பாவில் பயணஞ் செய்த காலத்திலும் அவர் தம் பழைய எசமானருக்குக் கடிதம் எழுத மறக்கவில்லை.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து, வேலை தேடுவோர் கருதத்தக்கவை சில உண்டு. தம் வேலையை அறிந்த ஒருவர் ஊக்குவிக்கும்போது, "எனக்கு அத்தகுதி ஏது?" என்று தன்னடக்கத்தால் தட்டிக்கழிப்பது அவருடைய அனுபவத்தை மதியாமையாகும். தம்மிடம் எதைக் கண்டு அவர் அவ்வாறு சொல்கிறார் என்று கேட்டறிந்து, அதற்குச் சான்றாகும் வேலையை விண்ணப்பத்தோடு சேர்த்து வைப்பது நலம். பிறர் ஊக்கம் வாயில்வரை கொண்டுசெல்லும், தட்டவேண்டியவர் தாமே. முதலில் "இல்லை" என்ற விடை வரினும், இடம் வெறிதாகும் நாளில் நினைக்கப்படுபவர் முன்னே தட்டியவரே ஆவார்.

எசமானராய் இருப்போருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கைதேர்ந்த ஒருவர் தம் கடையை விட்டு நீங்குவது அவருக்கு நட்டமே. அந்நட்டத்தைப் பொருட்படுத்தாது, தம்மிடம் பழகியவரின் வேலையை உரியவருக்குக் காட்டிய காரணத்தினாலேயே ஒரு சிறு புத்தகக் கடைக்காரரின் பெயர் விஞ்ஞான வரலாற்றில் இன்றும் கூறப்படுகின்றது.