கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா? மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள்

1930-ல் மைசூர் சமஸ்தானம், அரசு மருத்துவமனைகளிலேயே கருத்தடை ஆலோசனை மையங்களைத் திறக்க ஆணையிட்டது. பெண்கள் வெளிப்படையாக மருத்துவரிடம் பேச வழிசெய்த முன்னோடி முயற்சி அது. அதே மைசூருவில், 2025 ஜூலையில், ரிங் ரோடு அருகே ரகசியமாக இயங்கிவந்த, மெபெட்ரோன் என்ற போதைப்பொருளைத் தயாரிக்கும் கூடம் மும்பை போலீசாரிடம் பிடிபட்டது. மாணவர்கள் நிறைந்த இந்த ஊரில் கருத்தடை மாத்திரையும் போதைப்பொருளும் ஒரே உடலில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பேசியாக வேண்டும்.

மாத்திரையில் என்ன இருக்கிறது?

அரசு இலவசமாகத் தரும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள். 21-ல் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் ஹார்மோன்கள். மீதி 7 இரும்புச்சத்து. பெரும்பாலான பெண்களுக்கு இது பாதுகாப்பானது. ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் தன்மையைச் சற்றுக் கூட்டுவதால், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 3 முதல் 9 பேருக்கு ரத்தநாளத்தில் ரத்தக்கட்டி வரலாம். மாத்திரை எடுக்காதவர்களில் அது 1 முதல் 5. கர்ப்ப காலத்திலோ இதைவிட அதிகம். ஆகவே மாத்திரையைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

ஆபத்து எங்கே?

புகை முதல் எதிரி. 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர்களுக்கு இந்த வகை மாத்திரை ஆகாது. மாரடைப்பும் பக்கவாதமும் வரலாம். கஞ்சாவைப் புகையிலையோடு கலந்து இழுப்பதும் புகைதான். மெபெட்ரோன், கோகெய்ன் போன்றவை ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். ரத்த அழுத்தம் அதிகமுள்ளவர்களுக்கு மாத்திரையே தவிர்க்கப்படுகிறது; அதோடு போதையும் சேர்ந்தால் இதயத்துக்கு இரட்டைச் சுமை.

இன்னொரு பக்கம், மாத்திரை பலிக்காமல் போவது. விழுங்கிய மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மருந்து உடலில் சேர்ந்திருக்காது. போதையில் நேரம் தவறினாலும் கர்ப்பம் தரிக்கலாம். பரீட்சைக்கு இரவு முழுக்கக் கண்விழிக்கச் சிலர் விழுங்கும் மோடாஃபினில், கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும். நிறுத்திய பிறகும் ஒரு மாதம் அந்தப் பாதிப்பு நீடிக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான சில மருந்துகளும் அப்படியே.

72 மணி நேரத்துக்குள் போடும் அவசர மாத்திரை அவசரத்துக்கு மட்டுமே. எந்தக் கருத்தடை மாத்திரையும் எச்.ஐ.வி.யைத் தடுக்காது, அதற்கு ஆணுறை வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இதுவரை வராத கடும் தலைவலி, திடீர்ப் பார்வை மங்கல், பேச்சுக் குழறல். இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். சிகிச்சை தருபவருக்கு அந்த உண்மை வேண்டும்.

மருத்துவர்களே, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்பதற்கு முன், புகை உண்டா, வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். போதையிலிருந்து மீள நினைப்பவர்கள் 14446 என்ற இலவச உதவி எண்ணை அழைக்கலாம்.