வெள்ளமும் கியர்ப் பெட்டி எண்ணெயும்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. கடற்கழியை அடுத்த மான்குர்த் போன்ற இடங்களில் மழைக்காலந்தோறும் வண்டிகள் நீரில் நிற்பதுண்டு. அப்போது எஞ்சினைக் கவனிப்போர் பலர். கியர்ப் பெட்டியை நினைப்போர் சிலரே.

சூடான பெட்டி நீரில் திடீரெனக் குளிர்ந்தால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி மூச்சுத்துளை வழியே நீரை உறிஞ்சும். நீர் கலந்த எண்ணெய் பால்போல் வெளுக்கும். பல்சக்கரங்களும் பேரிங்குகளும் துருப்பிடித்துத் தேயும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பெட்டியின் பக்கவாட்டிலுள்ள நிரப்பு மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் இருத்தல் முறை. (தானியங்கிக் கியருக்கு இது பொருந்தாது, அவற்றுட் பலவற்றில் எஞ்சின் சூடாகி ஓடும்போதே அளவு பார்ப்பர்.) எண்ணெய் வெளுத்திருப்பின் மேலும் ஊற்றுவது வீண். முழுவதும் வடித்துவிட்டு, தயாரிப்பாளர் குறித்த எண்ணெயையே நிரப்புக. அதுவரை வண்டியை ஓட்டலாகாது.