முன்பள்ளி மூடினால் ஆசிரியைக்கு யார் கொடுப்பார்?

2020 மார்ச்சில் கொரோனா நோயினால் இலங்கையில் பாடசாலைகளும் முன்பள்ளிகளும் மூடப்பட்டன. ஒக்டோபரில் நோய் மீண்டும் பரவியபோது கொழும்பில் முகத்துவாரம், மட்டக்குளி பகுதிகளில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு போடப்பட்டது.

அரச பாடசாலை ஆசிரியருக்கு மாதச் சம்பளம் உண்டு. முன்பள்ளி ஆசிரியையின் நிலை வேறு. பெரும்பாலான முன்பள்ளிகள் பெற்றோர் கட்டும் பணத்தில்தான் நடக்கின்றன. தகப்பனின் நாட்கூலி நின்றால் கட்டணமும் நிற்கும். ஆசிரியை வீட்டு அடுப்பும் எரியாது.

அரசு என்ன செய்தது? 2020 ஏப்ரல், மே மாதங்களில் வறிய குடும்பங்களுக்கும் வருமானம் இழந்தோருக்கும் 5000 ரூபா வீதம் கொடுத்தது. அது வீட்டுச் செலவுக்கான உதவி. முன்பள்ளியின் வாடகைக்கு அல்ல. அவுஸ்திரேலியாவிலோ 2020 ஏப்ரல் 6 முதல் ஜூலை 12 வரை, பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களின் கட்டண வருமானத்தில் ஏறத்தாழப் பாதியை அரசே அவற்றுக்கு நேரடியாகக் கொடுத்தது. பெற்றோர் கட்டணம் கட்டவில்லை, நிலையங்களும் திறந்திருந்தன.

இடம்பெயர்ந்த இடத்தில் தாயும் கூலிக்குப் போனால்தான் சீவியம். அப்போது பிள்ளையைப் பார்ப்பவர் முன்பள்ளி ஆசிரியையே. ஆகவே இப்போதே நாம் செய்யக்கூடியவை:

1. முன்பள்ளியைப் பதிவு செய்வோம்.
2. வரவு இடாப்பையும் கட்டணப் பற்றுச்சீட்டுகளையும் ஒழுங்காக வைப்போம்.
3. நிவாரணப் பட்டியல் எழுதும்போது ஆசிரியையின் பெயரையும் சேர்க்கும்படி கிராம உத்தியோகத்தரிடம் கேட்போம்.

எழுத்தில் இல்லாத வேலைக்கு நட்டஈடு கேட்பது கடினம்.