பெங்களூர்ப் பள்ளியில் ஓராண்டு

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், கன்னட நாட்டு வழக்கங்களை வீட்டிற்கு முதலில் கொணர்பவர் பள்ளிப் பிள்ளைகளே. ஜூன் திங்களில் உயர்நிலைப் பள்ளி திறந்ததும் விழாக்களும் தொடர்கின்றன. விடுதலை நாளும், 1962 முதல் கொண்டாடப்பெறும் ஆசிரியர் நாளும் நாடெங்கும் பொதுவானவை.

தசரா விடுமுறையை அடுத்து வருவது நவம்பர் 1, கன்னட ராஜ்யோத்சவம். மஞ்சளும் சிவப்புமான கொடி அன்று ஏற்றப்பெறுகிறது. 'இது நம் விழாவா?' என்று நம் பிள்ளைகள் வினவுவதுண்டு. 1956ஆம் ஆண்டு அந்நாளில் கன்னடம் பேசும் பகுதிகள் மைசூர் மாநிலமாக ஒன்றுகூடின; 1973இல் அது கர்நாடகம் எனப் பெயர் பெற்றது. கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததும் அதே 1956 நவம்பர் 1ஆம் நாளில்தான். ஆகவே அது நமக்கும் உரிய நாளே என்று விடை கூறலாம்.

தை பிறக்கும் நாளில் கன்னடத் தோழர் வீட்டிலிருந்து, எள்ளும் வெல்லமும் கொப்பரையும் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கலந்த 'எள்ளு பெல்ல' வருகிறது; உண்டு நல்லதே பேசுக என்பது அதன் கருத்து. நம் பொங்கல் அவர்கள் இல்லம் செல்கிறது.

ஆண்டிறுதித் தேர்வுக்கு முன் பத்தாம் வகுப்பினர்க்குப் பிரிவுபசார விழா நிகழும். அம்மேடையில் நம் பிள்ளை கன்னடத்தில் நன்றி கூறினால் மகிழ்வோம். அச்செய்தியை ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் கடிதமாக எழுதவும் பழக்குவோம்.